புதுப் புத்தகம் வந்து சேரும் வழி

எழும்பூர் பாந்தியன் சாலையில் அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கும் கன்னிமரா நூலகத்தின் சரித்திரம், பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய கிரந்தங்களிலிருந்து ஆரம்பமாகிறது. கம்பெனி உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவித்து வந்த ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போன நூல்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியில் இடம் பெற்றன. 1890-இல் கவர்னர் கன்னிமரா பிரபு அஸ்திவாரக் கல் நாட்ட, ஹென்றி இர்வின் வகுத்த அழகிய மண்டபம் 1896 டிசம்பரில் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது.

ஆயினும், கட்டிடத்தின் வனப்பைக் காட்டிலும் விசேஷமானது அதன் பிற்காலச் சட்டபூர்வமான அந்தஸ்தே என்பது என் துணிபு. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலித்து, வாசிப்பைத் தனவந்தர்களின் தயவிலிருந்து விடுவித்தது; அதன்கீழ் கன்னிமரா மாநில மைய நூலகமாயிற்று. 1954-இல் இயற்றப்பட்ட நூல் வழங்கல் சட்டமோ, பாரத தேசத்தில் எம்மொழியில் புத்தகம் வெளியானாலும், முப்பது தினங்களுக்குள் பிரசுரகர்த்தர் தம் சொந்தச் செலவில் ஒரு பிரதியை இங்கே அனுப்பக் கடமைப்பட்டவர் என்று விதித்தது. பெரிய பதிப்பகத்தின் கனத்த நிகண்டும், ஒரு சிற்றூர்க் கவிராயர் கடன் வாங்கி அச்சிட்ட மெல்லிய தொகுதியும், முத்திரையும் வரிசை எண்ணும் பெற்றுச் சரிசமானமாக அடுக்கில் ஏறுகின்றன.

அடுத்த முறை எழும்பூர்ப் பக்கம் போகிறவர்கள், அரைமணி நேரம் ஒதுக்கிப் புது வரவுகளைப் புரட்டிப் பாருங்கள். அவை நம் வரிப்பணத்தில் பேணப்படும் நம்முடைய புத்தகங்கள்.