பால் பாக்கெட்டும் சாம்பார் பார்சலும்: பாலித்தீன் வந்த கதை

"சூடான சாம்பாரை கேரி பேக்ல ஊத்தித் தர்றாங்களே, கேன்சர் வருமா டாக்டர்?"

அடிக்கடி வர்ற கேள்வி. இதுக்குப் பதில் சொல்லி முடிக்கும் முன்னாடியே அடுத்த கேள்வி வந்துடும்: "அப்ப பால் பாக்கெட்?"

நியாயமான கேள்விதான். ரெண்டுமே பாலித்தீன். தமிழ்நாட்டில் ஒன்றுக்குத் தடை, இன்னொன்றுக்கு விலக்கு. ஏன் என்று புரிய, இந்தப் பொருள் எப்படி வந்தது என்ற வரலாறு கொஞ்சம் தெரியணும். இழை நீளம். டீயோடு உட்காருங்க.

1933 மார்ச். இங்கிலாந்தின் செஷயரில் வின்னிங்டன் என்ற இடத்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடம். எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் ஒரு இரும்புக் கலத்தில் அடைத்து, 170 டிகிரி சூட்டில், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 1,900 மடங்கு அழுத்தம் கொடுத்து விட்டுவிட்டுப் போனார்கள். வார இறுதி முடிந்து வந்து திறந்தால், அவர்கள் தேடியது கிடைக்கவில்லை. கலத்தின் ஓரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மறுபடி முயன்றபோது கலம் வெடித்தது. வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் அதைத் தூசி தட்டி எடுத்தார். இந்த முறை கலத்தில் கசிவு. குறைந்த அழுத்தத்தைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் எத்திலீனை ஏற்றினார்கள். அதோடு சேர்ந்து துளியூண்டு ஆக்சிஜனும் உள்ளே போய்விட்டது. அந்த ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கி வைத்தது என்பது பிறகுதான் புரிந்தது. கிடைத்தது சுமார் 8 கிராம். இன்று உலகத்தில் அதிகம் தயாராகும் பிளாஸ்டிக்கின் ஆரம்பம் ஒரு லீக்!

எத்திலீன் ஏதோ அந்நிய வாயு என்று நினைக்க வேண்டாம். வாழைப்பழம் பழுக்கும்போது தானாக வெளிவிடுவதும் அதுதான். அதைக் கோத்துச் சங்கிலியாக்கினால் பாலித்தீன். நம்ம மெழுகுவர்த்தியும் இதே குடும்பம். மெழுகில் ஒரு சங்கிலிக்கு இருபது, முப்பது கார்பன் இருக்கும், பாலித்தீனில் ஆயிரக்கணக்கில். தண்ணீரோ, புளிப்போ, நம் வயிற்று நொதிகளோ பிடித்து இழுக்க அதில் ஒரு கொக்கி கூடக் கிடையாது.

இன்னொன்று. அது இயல்பிலேயே மெத்தென்று இருக்கும். பி.வி.சி.யை மென்மையாக்க தாலேட் மாதிரி ரசாயனங்களைச் சேர்க்கணும். பாலித்தீனுக்கு அது தேவையில்லை. பேர் கெட்டுப்போன பி.பி.ஏ. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். பாலித்தீன் செய்ய அது வேண்டாம். வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் 'பிளாஸ்டிக்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

ஐ.சி.ஐ.யில் முழு அளவு உற்பத்தி தொடங்கிய நாள் 1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாள். முதல் வேலை சமையலறையில் இல்லை. ரேடார் கேபிளுக்கு உறையாகப் போனது. போர் முடிந்ததும் இவ்வளவு பாலித்தீனை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 1946-இல் அமெரிக்காவில் டப்பர்வேர். 1950-களில் ஸ்வீடனில் ரூபன் ரௌசிங்கின் டெட்ரா பேக், அதாவது அட்டைக்கு மேல் பாலித்தீன் பூச்சு. 1953-இல் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லர் அதிக அழுத்தம் இல்லாமலே இன்னும் கெட்டியான வகையைச் செய்து காட்டி, 1963-இல் நோபல் வாங்கினார்.

இப்ப கொஞ்சம் என் துறைப் பக்கம் வர்றேன். சம்பந்தம் இருக்கு.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்குக் கிண்ணம் செய்யப் பொருள் தேடிக்கொண்டிருந்தார். முதலில் டெஃப்லான். ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தியும் விட்டார். சில வருடங்களில் அது தேய்ந்து, அந்தத் துகள்கள் மூட்டைச் சுற்றிப் புண்ணாக்கின. அத்தனை பேருக்கும் திரும்ப அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை.

அப்போது நெசவு இயந்திரப் பல்சக்கரம் விற்க வந்த ஒருவர், மிக நீளமான சங்கிலி கொண்ட பாலித்தீன் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்தார், கீறல் விழுந்தது. இது உதவாது என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் மட்டும் விடவில்லை. தேய்மான மெஷினில் மாட்டி ஓட்டினார். மூன்று வாரம் இரவு பகலாக ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக் கூட அது தேயவில்லை.

சார்ன்லி அடுத்துச் செய்தது இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காத காரியம். டெஃப்லான், பாலித்தீன் ரெண்டையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து, டெஃப்லான் வைத்த இடங்களில் கட்டி கட்டியாகத் தடித்திருந்தது. பாலித்தீன் வைத்த இடம் கையில் தட்டுப்படவே இல்லை. 1962 நவம்பரிலிருந்து பாலித்தீன் கிண்ணம்தான். இன்னைக்கும் இடுப்பு மூட்டு மாற்றும் பலருக்கு உள்ளே இருப்பது அதன் வாரிசுதான்.

ஆனா கதை அங்க முடியல. பல வருடங்கள் நடந்து நடந்து தேய்ந்த மூட்டுகளில் பாலித்தீனின் நுண்ணிய பொடி சேர்ந்தது. அந்தப் பொடியை நம் வெள்ளையணுக்கள் விழுங்கப் பார்த்து, முடியாமல் அழற்சியைக் கிளப்ப, சுற்றியிருந்த எலும்பு கரைந்தது. முழுசா இருந்தப்போ சாது, பொடியானப்போ வில்லன். பொருள் ஒன்றுதான், நிலை மாறினால் உடம்பு வேறு மாதிரி பார்க்கிறது. மைக்ரோபிளாஸ்டிக் பற்றிப் பேசும்போது என்னால் "ஒன்னும் ஆகாது" என்று அடித்துச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவு உறைக்கும் இதே பார்வைதான். 1958-இல் அமெரிக்கா ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது: உறையிலிருந்து உணவுக்குள் இறங்கக் கூடியதும் உணவில் சேர்க்கும் பொருள் மாதிரிதான், அதைப் பரிசோதிக்கணும். பாலித்தீனை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் 50 டிகிரியில் ஊறவைத்தால், சாதாரண உறைக்கு 5.5 சதவீதம் வரை கரையலாம். சமைக்கும்போது பயன்படும் உறைக்கு 2.6 சதவீதம்தான். வரம்பு பாதிக்கும் கீழே. சூடு என்றதுமே சட்டம் உஷாராகிவிடுகிறது, பாருங்க.

இந்தியாவில் 1982-இல் ஐ.எஸ். 10146 என்ற தரநிலை வந்தது. உணவு, மருந்து, குடிநீர் மூன்றோடும் தொடர்பில் வரும் பாலித்தீனுக்கானது. சோதனை சுவாரசியமானது. சாம்பாரையும் எண்ணெயையும் லேபில் அளப்பது கஷ்டம் என்பதால் பதிலிகள்: தண்ணீர், புளிப்புக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்க்கு ஹெப்டேன். அதில் இறங்கும் மொத்தப் பொருள் லிட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இறங்குவது பெரும்பாலும் சின்னச் சங்கிலிகளும், கெடாமலிருக்கச் சேர்த்த பொருட்களும். அவை எண்ணெய்ப் பிரியர்கள். அதனால்தான் தயிரை விட வடைகறிக்கு நான் அதிகம் யோசிப்பேன்.

இதெல்லாம் புதுப் பாலித்தீனுக்கு. மறுசுழற்சி செய்ததுக்கு? 1999-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது: மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பையிலோ டப்பாவிலோ உணவுப்பொருள் கூடாது, புதுப் பிளாஸ்டிக்கில் செய்த பை இயற்கை நிறத்திலோ வெள்ளையாகவோதான் இருக்கணும். ஏன் நிறம்? பல நிறக் கழிவை உருக்கினால் வரும் அசிங்கத்தை மறைக்கக் கறுப்புதான் வசதி. அந்தக் கறுப்புப் பை போன பிறவியில் பூச்சிமருந்து டப்பாவாக இருந்ததா, ஆயில் கேனாக இருந்ததா, யாருக்குத் தெரியும்? பழைய மஞ்சள், சிவப்பு நிறமிகளில் ஈயமும் காட்மியமும் இருந்த வரலாறும் உண்டு.

2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டின் தடை. எத்தனை மைக்ரானாக இருந்தாலும் கேரி பேக் கூடாது, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் கூடாது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் கூடாது. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. தடைக்குக் காரணம் முக்கியமாகக் குப்பைதான். ஆனால் மருத்துவக் கண்ணோடு பார்த்தாலும் கோடு ஏறக்குறைய சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

இப்ப அந்த ரெண்டு கேள்விக்கு வரலாம்.

பால் பாக்கெட்: குளிர்ந்த பால், உணவுக்கான பாலித்தீன், ரெண்டு மூணு நாள் ஆயுசு. பயப்பட வேண்டாம். உறைந்த பாக்கெட்டை அப்படியே வெந்நீரில் போடுவதை மட்டும் நிறுத்துங்க; அது குளிருக்காகச் செய்த உறை.

சாம்பார் பார்சல்: ஒரு தடவை சாப்பிட்டா கேன்சர்னு சொல்றது பொய். பாலித்தீனைப் புற்றுநோய்ப் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 'வகைப்படுத்த இயலாதது' என்றே வைத்திருக்கிறது. என் பிரச்சினை அந்தப் பை. அது புதுசா, மறுசுழற்சியா, சாயம் என்ன என்று கடைக்காரருக்கே தெரியாது. அதில் கொதிக்கக் கொதிக்க, எண்ணெய் மிதக்க ஊற்றி, அரை மணி நேரம் பைக்கில் ஆட்டிக்கொண்டு வருகிறோம். சாதாரணப் பாலித்தீன் பை 110 டிகிரி வாக்கில் உருகும். அதுக்கு முன்னாடியே தளர ஆரம்பிக்கும். பஜ்ஜி வேகும் எண்ணெய் 170-க்கு மேல்.

தூக்குவாளி எடுத்துட்டுப் போங்க. மறந்துட்டீங்களா, பஜ்ஜியை வாழையிலையில் கட்டச் சொல்லுங்க. இலை இல்லைன்னா, தட்டில் ரெண்டு நிமிஷம் ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.