துணிகர முதலீட்டு ஈர்ப்பு

புதுத்தொழில்களில் பணம் போடும் துணிகர முதலீட்டாளர்களை ஒரு நாட்டுச் சந்தைக்கு இழுக்கும் காரணிகளின் தொகுதி. சந்தையின் அளவு, தேர்ந்த ஆள்வளம், வரிவிதிப்பு, ஒப்பந்தத்தைக் காக்கும் சட்டம் ஆகியவை இதில் அடங்கும். எனினும் தலையாயது, போட்ட பணத்தை ஆதாயத்தோடு திரும்ப எடுக்கும் வழி. முதலிட்ட நிறுவனங்களில் பல தோற்கும். வென்ற ஒன்றிரண்டின் பங்குகளை விற்றே எல்லா நட்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். அதனால் பங்குச் சந்தை வலுவற்ற நாடுகளை இவர்கள் தயங்கியே அணுகுகின்றனர்.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 1996இல் துணிகர முதலீட்டு நிதிகளுக்கு விதிமுறைகள் வகுத்தது. 2012இல் மாற்று முதலீட்டு நிதிய விதிகள் அவற்றுக்குப் பதிலாக வந்தன. நியாய மதிப்புக்கு மேல் பங்கு விற்றுத் திரட்டிய தொகையின் மீது அதே ஆண்டு புகுத்தப்பட்ட ‘ஏஞ்சல் வரி’ தொழில்முனைவோரை நெடுங்காலம் வாட்டியது; 2024 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அதை முற்றிலும் நீக்கும் அறிவிப்பு வந்தது. சென்னையில் 2010இல் தோன்றிய மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலாகி, தமிழ்நாட்டிலிருந்தும் அத்தகைய ஆதாயம் கிட்டும் என்று காட்டியது.

நாட்டின் ஈர்ப்பு எல்லா மாவட்டங்களுக்கும் பரவிவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல் வளத்தால் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இயங்குகிறது. எறையூர், ஜெயங்கொண்டம் சிப்காட் தொழிற்பூங்காக்கள் காலணித் தொழிலை ஈர்த்துள்ளன. இவை கனிமத்தையும் நிலத்தையும் தொழிலாளரையும் நாடி வந்த ஆலை மூலதனம். துணிகர முதலீடு அன்று. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரில் சேமிப்பு, பதப்படுத்தல் சார்ந்த புதுத்தொழில்களுக்கு உண்மையான தேவை உண்டு. தமிழ்நாடு அரசின் ‘டான்சீட்’ விதைநிதி அத்தகைய தொடக்க முயற்சிகளுக்கும் உரியது.