எண்ணூர் முகத்துவாரமும் நகரி மலையும்

வட சென்னை என்றதும் நினைவுக்கு வருபவை ராயபுரம் மீன்பிடித் துறைமுகம், வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள், மணலியின் புகை, எண்ணூரின் சாம்பல். மலை என்று ஒன்று யாருக்கும் நினைவுக்கு வராது. திருவொற்றியூரில் மேடு என்று காட்ட ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை! ஆனால் இந்தத் தட்டையான ஊருக்கும் ஒரு மலை உண்டு. அதுதான் நகரி மலை. எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கு மழைநீரை அனுப்பும் மலைகளில் முக்கியமானது அது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது நகரி. மூக்கைப் போல நீண்டு நிற்கும் அதன் உச்சியை ஆங்கிலேயர்கள் 'நகரி மூக்கு' என்றே அழைத்தார்கள். வானம் தெளிந்த நாளில் அது கடலில் இருந்தே தெரியும். அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு அது ஓர் அடையாளம்.

மலையின் வயது

1850களிலும் 60களிலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தென்னிந்தியப் பாறைகளை ஆராயத் தொடங்கியது. வில்லியம் கிங், கடப்பா பகுதிப் பாறைகளைப் பற்றி 1872ல் விரிவாக எழுதினார். நகரி மலையின் பாறையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பெயர் குவார்ட்சைட். பழைய கடலின் அடியில் படிந்த மணல், அழுத்தத்தில் இறுகி இறுகிக் கல்லானது. அதன் வயது 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல்!

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திருப்பதிக்குப் போகும்போது பார்க்கலாம். மலைப்பாதையில் கீழே பழைய கருங்கல், மேலே அடுக்கடுக்காக குவார்ட்சைட். இரண்டும் சந்திக்கும் கோட்டில் பல பத்துக் கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அந்த இடைவெளியின் பாறைகள் அங்கே இல்லை. இந்த இடம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். திருமலையில் உள்ள சிலாதோரணமும் அப்படியே.

கல்லில் இருந்து கோடரி

டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்த மலைகளில் இருந்து உருண்டு வந்த கூழாங்கற்கள் சத்தியவேடு, அல்லிக்குழி பக்கம் குவிந்து குன்றுகளாயின. பிற்காலத்தில் அந்தக் கற்களை மனிதர்கள் எடுத்தார்கள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அதிரம்பாக்கத்தில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினர் அங்கு மீண்டும் அகழ்ந்து, பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் அறிவித்தார்கள். அந்தக் கருவிகளும் குவார்ட்சைட்தான்.

செம்மரம் போன வழி

ஈரம் நிற்காத இந்தக் கல் மலைகளில் சில உயிர்கள் மட்டுமே நிலைக்க முடியும். அப்படி நிலைத்தவை பல வேறெங்கும் இல்லாதவை. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே இந்த மலைத்தொடரின் தென்பகுதியில்தான். மெதுவாக வளரும். அதன் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். திருப்பதி மலைகளில் இருக்கும் ஒரு சைகஸ் செடிக்கும், அங்கே பாறை இடுக்கில் வாழும் தங்க நிறப் பல்லி ஒன்றுக்கும் வனத்துறை அதிகாரி பெடோம் பெயரோடு தொடர்பு உண்டு. செடிக்கு அவர் பெயர். பல்லியை 1870ல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்.

செம்மரம் சாயத்துக்காக ஐரோப்பாவுக்குப் போனது. பின்னர் கிழக்கு ஆசியாவில் மரச்சாமான்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் தேவைப்பட்டது. 1995ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. ஆனாலும் வெட்டுவது நிற்கவில்லை. ஷிப்பிங் பில்லில் வேறு சரக்கின் பெயரை எழுதி, கண்டெய்னருக்குள் செம்மரத்தை அடுக்கி அனுப்ப முயன்று, சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்துறையிடம் பிடிபட்ட செய்திகள் எத்தனையோ! மலையின் மரம் கடலுக்குப் போகும் வாசலும் வட சென்னைதான்.

ஆறு சேரும் இடம்

நகரி ஆறு கொசஸ்தலையோடு சேர்ந்து பூண்டிக்கு வருகிறது. சென்னையின் குடிநீருக்காக சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது பாடுபட்டுத் தொடங்க வைத்த நீர்த்தேக்கம் அது. 1944ல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. பூண்டியைத் தாண்டிய ஆறு தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர் வருகிறது.

இந்தியாவில் சிமெண்டின் வலிமையைச் சோதிக்க ஒரு தர மணல் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 650 அதற்குக் குறிப்பிடும் ஊர் எது தெரியுமா? எண்ணூர்! ஆறுகள் இறக்கி, கடல் அலசிய வெண்மையான குவார்ட்ஸ் மணல். ஆக, மணல் கல்லாகி மலையானது. மலை உடைந்து மீண்டும் மணலாகிறது.

இப்படிப்பட்ட முகத்துவாரத்தின் கதி என்ன? 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994ல் வட சென்னை அனல்மின் நிலையம், 2001ல் எண்ணூர் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. குழாய்களில் கசிந்த சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்தது. தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்தவர்களின் காலில் சேற்றுக்குப் பதில் சாம்பல் தட்டுப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து படகுகளையும் வலைகளையும் கெடுத்தது.

மலையில் பெய்யும் மழைக்கு இது தெரியாது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கோடரி செய்தவர்கள் பார்த்த மழைதான் இன்றும் இறங்கி வருகிறது. வெளியேறும் வாய் குறுகினால் தண்ணீர் பின்னால் ஏறும். 2015லும் 2023லும் மணலி புதுநகர் மூழ்கியபோது மக்கள் கண்டது இதைத்தான்.

மலையைக் காப்பது என்றால் மேலே காட்டைக் காப்பது மட்டும் அல்ல. அதன் ஆறு கடலைச் சேரும் வழியையும் காக்க வேண்டும். நகரியில் தொடங்கும் அந்த வழி எண்ணூரில் முடிகிறது.