300டிடிஐ எஞ்சினில் தொடர் கூலன்ட் கசிவு

300டிடிஐ என்பது பிரிட்டனின் லேண்ட் ரோவர் நிறுவனம் 1994இல் டிஃபெண்டர், டிஸ்கவரி வண்டிகளில் பொருத்திய நான்கு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின். கொள்ளளவு 2,495 சிசி. திறன் சுமார் 111 குதிரைத்திறன். பிரிட்டனில் 1998இன் பிற்பகுதியில் ஐந்து சிலிண்டர் டிடி5 இதன் இடத்தைப் பிடித்தது. மின்னணுக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லாததால் எங்கும் கழற்றி மாட்டலாம். பண்ணை வேலைக்கும் தொலைதூரப் பயணத்துக்கும் இதை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தீராத தலைவலி கூலன்ட் கசிவு. ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் ஒழுகும்.

ஏன் திரும்பத் திரும்ப

கூலன்ட் ஓடும் பாதை முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் டேங்கின் மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பிளாஸ்டிக் டேங்க், ரப்பர் ஹோஸ் எல்லாம் ஒரே சூட்டில் வெவ்வேறு அளவுக்கு விரிந்து சுருங்குகின்றன. எங்காவது ஒழுகிக்கொண்டிருக்கும்வரை முழு அழுத்தம் ஏறாது, அதனால் மற்ற பலவீனங்கள் வெளியே தெரியாமல் இருக்கும். அந்த ஒழுக்கை அடைத்ததும் அழுத்தம் முழுமையாக ஏறி, அடுத்த நோஞ்சான் இணைப்பு விட்டுக்கொடுக்கிறது. ரிப்பேர் முடிந்த மறுவாரமே புதிய கசிவு வந்தால் மெக்கானிக்கைக் குறை சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும்.

முன்பக்க ஹவுசிங்

இந்த எஞ்சினுக்கே உரிய பலவீனம் 'பி கேஸ்கெட்'. வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் மூன்றையும் தாங்கும் அலுமினிய ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் இடையே, ஆங்கில 'P' எழுத்தின் வடிவில் இருப்பது அது. இங்கே ஒழுகும் கூலன்ட் பம்புக்குக் கீழே வழிவதால் பம்புதான் போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டிப் புதுப் பம்பு வாங்கிவிடுகிறார்கள். பம்பு போனதா என்று பார்க்க அதன் அடிப்பகுதியில் உள்ள சிறு துளையைப் பார்த்தால் போதும். உள்ளே சீல் தேய்ந்திருந்தால் கூலன்ட் அந்தத் துளை வழியாகவே சொட்டும்.

பம்பைப் பிடிக்கும் போல்ட்டுகளில் சில நீளமானவை. ஹவுசிங்கையும் ஊடுருவிப் பிளாக்கில் இறங்குகின்றன. அவற்றைத் தளர்த்தினாலே பி கேஸ்கெட்டின் பிடி கலைந்துவிடும். பம்பை மாற்றுபவர் பி கேஸ்கெட்டையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அதே வேலையை இருமுறை செய்ய வேண்டாம். பழைய ஹவுசிங்கில் கேஸ்கெட் உட்காரும் முகம் அரித்துக் குழி விழுந்திருக்கலாம். அதைச் சமன்செய்யாமல் புதுக் கேஸ்கெட் போட்டுப் பயனில்லை. உப்புப் பூத்து இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்துவிடும்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலும் ரேடியேட்டர் உச்சியிலும் உள்ள பிளாஸ்டிக் பிளக்குகள் வயதாக ஆக நொறுங்கும். அவற்றுக்குப் பதிலாகப் பித்தளை பிளக் போடுவது வழக்கம்.

தேடும் முறை

சூடான எஞ்சினில் சொட்டு விழுந்ததும் ஆவியாகிவிடுவதால் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதைவிடக் குளிர்ந்த காலையில் பார்ப்பது மேல். உலோகம் சுருங்கி, கிளாம்பு தளர்ந்து ஒழுகும் இடங்கள் அப்போதுதான் தென்படும். உலர்ந்த கூலன்ட் விட்டுச்செல்லும் வெள்ளை அல்லது நிறப் படிவுதான் நல்ல தடயம். டேங்கின் வாயில் அளவியோடு கூடிய கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்த அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே ஒரு சொட்டும் இல்லையென்றால் சந்தேகம் வண்டிக்குள் இருக்கும் ஹீட்டர் மீதோ ஹெட் கேஸ்கெட் மீதோ திரும்பும். கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் பிசுக்கு படிந்து, இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர். குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய உடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகி, டேங்கில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

'லீக் ஸ்டாப்' என்று விற்கும் திரவங்கள் கசிவை மட்டுமல்ல, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அவை உதவலாம். நிரந்தர வைத்தியமாக ஊற்றக் கூடாது.

கூலன்ட் நிரப்பும்போது தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டர் பிளக்குகள் இரண்டையும் திறந்து வைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். காற்று உள்ளே மாட்டினால் ஹெட்டில் ஒரு பகுதி மட்டும் கொதித்து, முன்பு இல்லாத கசிவுக்கு வழிவகுக்கும்.

டாஷ்போர்டின் வெப்பமானியை நம்புவதுதான் பெரிய ஆபத்து. அதன் சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். உள்ளே அலுமினிய ஹெட் வளைந்துகொண்டிருக்கும்போது முள் நடுவில் நிற்கும். ஆகவே பலர் டேங்கில் அளவு குறைந்தால் ஒலிக்கும் அலாரத்தைத் தனியாகப் பொருத்துகிறார்கள். ஹெட் வளைந்தபின் மட்டம் பார்த்து, பிஸ்டன் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு துருத்துகிறது என அளந்து, அதற்கேற்ற தடிமனில் புதுக் கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தடிமன் எது என்பதைக் கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கை சொல்லும்.