சாட்சியும் கடவுச்சீட்டும்

1987 அக்டோபர் 1, சீன மக்கள் குடியரசின் தேசிய தினம். லாசாவில் ஜோகாங் கோயிலைச் சுற்றியுள்ள பார்க்கோர் தெருவில் செரா மடத்துத் துறவிகள் சுதந்திர முழக்கத்தோடு ஊர்வலம் வந்தார்கள். நாலு நாள் முன்னால் ட்ரேபுங் துறவிகள் இதையே செய்து கைதாகியிருந்தார்கள். இந்தத் தடவையும் பிடித்துப்போய், பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் வைத்து அடித்தார்கள். கூட்டம் சேர்ந்தது, கல் பறந்தது, நிலையம் எரிந்தது, போலீஸ் சுட்டது. அடைபட்டவர்களை மீட்க நெருப்புக்குள் புகுந்த துறவி ஜம்பா டென்சின் கைகள் வெந்து வெளியே வந்தார். ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

இது உலகத்துக்குத் தெரிந்தது வெளிநாட்டுப் பயணிகளால். எண்பதுகளின் நடுவில் டாலர் வருமானத்துக்காகத்தான் லாசா தனிப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மலை பார்க்க வந்தவர்கள் துப்பாக்கிச் சூட்டைப் பார்க்க நேர்ந்தது. போலீஸ் சுடவில்லை என்று அரசு சாதித்தபோது, இல்லை, சுட்டது என்று சொன்னவர்கள் இவர்களே. ஆஸ்பத்திரிக்குப் போனால் கைது என்று பயந்தவர்களுக்கு வீடுகளில் வைத்து வைத்தியம் பார்த்தார் அமெரிக்க மருத்துவர் பிளேக் கெர். அங்கிருந்த இன்னொரு பயணி ராபர்ட் பார்னெட், பிறகு லண்டனில் திபெத் தகவல் வலையமைப்பைத் தொடங்கினார்.

இவர்களுடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. என் கேள்வி வேறு. அடிபட்ட திபெத்தியன் சொன்னால் அது 'வதந்தி'. அதையே வெள்ளைக்காரப் பயணி சொன்னால் 'சாட்சியம்'. இந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது? 'எந்தப் பக்கமும் சாராதவன்' என்ற தகுதியைப் பயணிக்குத் தந்தது அவனுடைய கடவுச்சீட்டு. அவனுக்கு அதிகபட்சத் தண்டனை வெளியேற்றம். திபெத்தியனுக்குச் சிறை. அவன் எடுத்த புகைப்படத்தில் இருக்கும் முகம் லாசாவிலேயே இருந்தாக வேண்டும். அதே படம் போலீஸ் கையில் கிடைத்தால் அடையாள ஆவணம்.

ஆனாலும் பயணியின் பார்வையைக் 'கீழைத்தேயவாதம்' என்று ஒதுக்கிவிடுவதும் சுலபமான தப்பித்தல்தான். அதிகாரம் அப்படி ஒதுக்கவில்லை. 1989 மார்ச்சில் ராணுவச் சட்டம் பிறப்பித்ததும் வெளிநாட்டவரை வெளியேற்றியது. இன்றும் தனி அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஒரு வெளிநாட்டுப் பயணி அங்கே போக முடியாது. தற்செயலாகப் பார்த்துவிடும் கண்ணைத்தான் ஆக்கிரமிப்பு அஞ்சுகிறது.

நமக்கு வேலை அதற்கப்பால் இருக்கிறது: அந்தக் கண் இல்லாத நாட்களிலும் அடிபட்டவன் சொல்வதைச் சாட்சியமாகவே வாசிப்பது.