மாசாணியம்மன் உருவ மரபு

மாசாணியம்மன், கோயம்புத்தூர் மாவட்டம் ஆனைமலையில் மல்லாந்து படுத்த கோலத்தில் வழிபடப்படும் பெண்தெய்வம். ஆழியாறும் உப்பாறும் கூடுமிடத்தை ஒட்டிக் கோயில் உள்ளது. உருவத்தின் நீளம் 15 அடி என்றும் 17 அடி என்றும் சொல்லப்படுகிறது. தலை தெற்கே, நான்கு கைகளில் கபாலம், பாம்பு, திரிசூலம், உடுக்கை.

கற்கோயில் மரபில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் மூன்றும் திருமாலுக்குரியவை. அம்மன் நிற்பாள், அமர்வாள், எருமைத்தலை மீது காலூன்றுவாள், படுப்பது அரிது. பெண்ணுருவை மண்ணால் தரையில் கிடத்தும் வழக்கம் மயானத்தைச் சேர்ந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனின் மயானக் கொள்ளையும் இவ்வகையில் அடங்கும். ஆகவே ஆனைமலை உருவத்தைச் சிற்ப நூல்களின் அளவுகோலால் அளப்பது பயன் தராது.

உருவத்தின் பின்னுள்ளதாக ஊர்க்கதை சொல்லும் கொலையைச் சங்கப் புலவர் பரணர் குறுந்தொகை 292ஆம் பாடலில் சொல்கிறார். நீராடச் சென்ற பெண் ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள். அது மன்னன் நன்னனின் காவல்மரத்துக் காய். அவளை விட்டுவிட 81 களிறுகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் இசையாமல் அவளைக் கொன்றான். அந்த மாமரத்தைக் கோசர் என்னும் குடியினர் வெட்டியதைக் குறுந்தொகையின் 73ஆம் பாடல் குறிக்கிறது. உயிருக்கு ஈடாக ஒரு பெண்ணின் உருவமே நீட்டப்பட்டதும் அதை மன்னன் மறுத்ததும், இக்கோயிலின் நெடிய உருவத்தோடு சேர்த்துப் பார்க்கத்தக்கவை. நன்னனை ஏழில்மலையோடு மட்டும் பொருத்துவோர் உளர். எனினும் ஆறும் மாமரமும் கொலையும் ஊர்க்கதையில் ஒருங்கே நிற்பதால் ஆனைமலையே பொருத்தமான களம். இராமன் மயான மண்ணால் செய்த அம்மன் உருவம் இது என்னும் தலக்கதை பிற்கால ஒட்டு.

தைத் திருவிழாவின் மயான பூசை இம்மரபின் உயிர்நிலை. ஆழியாற்றங்கரை மயானத்தில் மண்ணால் பெரிய பெண்ணுருவைப் படுத்த நிலையில் வடித்து அலங்கரிக்கிறார்கள். நள்ளிரவில் அருளாளி ஆடியபடி அதைச் சிதைக்கிறார். பிடிமண் பட்டுச்சேலையில் கோயிலுக்குப் போகிறது. பின்னர் குண்டம் இறங்குதல். ஒரே இரவில் வடித்து, வணங்கி, அழிக்கப்படும் இவ்வுருவை நாட்டார் கலை நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அருங்காட்சியகத்தில் வைக்க முடியாதது ஒரு காரணமாகலாம்.

பெண்கள் மாதவிடாய், கருப்பைத் தொல்லைகளுக்கு நேர்ந்துகொண்டு இங்கே பச்சிலை மருந்தும் கறுப்புக் கயிறும் பெறுகிறார்கள். களவு கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். கொலையுண்டவளிடம் நியாயம் கேட்கும் உரிமை அது.

கோயில் தற்போது இந்து சமய அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் உள்ளது. வேறு ஊர்களிலும் படுத்த கோலத்தில் மாசாணியம்மன் உருவங்கள் எழுப்பப்பட்டுள்ளன.