புரூட்டன் சேகர ஆலயம், வில்லியம்ஸ்பர்க்

புரூட்டன் சேகர ஆலயம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் உள்ள எபிஸ்கோபல் திருச்சபை ஆலயம். சேகரம், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இயங்கும் திருச்சபைப் பகுதி, உருவான ஆண்டு 1674. இப்போதுள்ள செங்கல் கட்டடம் 1715இல் கட்டி முடிக்கப்பட்டது. ‘எபிஸ்கோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்று பொருள். பேராயர்களின் கண்காணிப்பில் இயங்கும் சபை என்பதால் எபிஸ்கோபல் என்ற பெயர் வந்தது. தென்னிந்தியத் திருச்சபையைப் போலவே இதுவும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது.

தோற்றம்

மிடில் பிளான்டேஷன் என்று அழைக்கப்பட்ட குடியிருப்பைச் சுற்றியிருந்த இரண்டு சேகரங்கள் 1674இல் ஒன்றாயின. ஆளுநர் வில்லியம் பெர்க்லி குடும்பத்தாரின் பூர்விகமான இங்கிலாந்தின் புரூட்டன் ஊர்ப் பெயர் புதிய சேகரத்துக்குச் சூட்டப்பட்டது. 1683இல் முதல் செங்கல் ஆலயம் எழுந்தது. 1693இல் வில்லியம் அண்டு மேரி கல்லூரி நிறுவப்பட்டது; 1699இல் வர்ஜீனியாவின் தலைநகரும் ஜேம்ஸ்டவுனிலிருந்து இங்கே வந்து, ஊர் வில்லியம்ஸ்பர்க் ஆனது. சட்டமன்ற உறுப்பினர்களும் மாணவர்களும் வந்து சேர்ந்ததும் பழைய ஆலயத்தில் இடம் போதவில்லை.

இன்றைய கட்டடத்துக்கு வரைபடம் தந்தவர் ஆளுநர் அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட். 1711இல் தொடங்கிய வேலை நான்கு ஆண்டுகளில் முடிந்தது. சிலுவை வடிவில் அமைந்த கட்டடத்தின் செலவைச் சேகரமும் சட்டமன்றமும் ஆளுநரும் பங்கிட்டுக்கொண்டனர். அப்போது சேகர குருவாக இருந்த ஜேம்ஸ் பிளேர், கல்லூரியின் முதல் தலைவரும் ஆவார். 1769இல் கோபுரம் சேர்ந்தது. அதில் உள்ள மணி, 1761இல் லண்டனின் வைட்சேப்பல் பட்டறையில் வார்க்கப்பட்டது.

அரசுத் திருச்சபை

குடியேற்றக் காலத்தில் ஆங்கிலத் திருச்சபையே வர்ஜீனியாவின் அரசுத் திருச்சபை. ஆராதனைக்கு வராதவருக்கு அபராதம் உண்டு. பன்னிருவர் கொண்ட சேகரக் கமிட்டி வரி வசூலித்தது. ஏழைகளையும் அநாதைகளையும் பராமரித்தது. புகையிலையே பணமாகப் புழங்கியதால் 1696இன் சட்டப்படி குருவின் ஆண்டுச் சம்பளமும் 16,000 பவுண்டு புகையிலைதான். அமெரிக்காவில் பேராயர் எவரும் இல்லாததால், குருப்பட்டம் பெற விரும்பியவர் கடல் கடந்து லண்டனுக்கே போக வேண்டியிருந்தது.

ஊரின் படிநிலை ஆலயத்துக்குள் அப்படியே தெரிந்தது. ஆளுநருக்கு விதானம் அமைத்த தனி இருக்கை. கல்லூரி மாணவர்களுக்கு மேற்கு மாடம். அவர்கள் கத்தியால் செதுக்கிய பெயரெழுத்துகள் மாடத்தின் மரக் கைப்பிடியில் இன்றும் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்கன் வாசித்த பீட்டர் பெல்ஹாம், சில காலம் ஊர்ச் சிறையின் காவலராகவும் இருந்தார். ஆர்கனுக்குக் காற்றடிக்கச் சிறைக் கைதி ஒருவரையே அழைத்து வருவார் என்பது ஊர் வழக்கு.

பதிவேட்டில் அடிமைகள்

சேகரத்தின் 18ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவேடு, கட்டடத்துக்கு ஈடான மதிப்புள்ளது. அடிமைப்படுத்தப்பட்ட நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களின் பெயர்கள் அதில் உள்ளன. பெரும்பாலும் ஒற்றைப் பெயர். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஜமானரின் பெயர். ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை நிலை மாறாது என்று வர்ஜீனியா சட்டமன்றம் 1667லேயே விதித்திருந்தது. ஆகவே ஒரே தொட்டியின் நீரில் ஞானஸ்நானம் பெற்ற இரண்டு குழந்தைகளில் ஒன்று வாரிசாகவும் மற்றொன்று உடைமையாகவும் வீடு திரும்பின. இது அந்தச் சபை சுமக்க வேண்டிய பாவம்.

புரட்சியும் சரிவும்

பாஸ்டன் துறைமுகத்தை மூடிய பிரிட்டனின் செயலைக் கண்டித்து, 1774 ஜூன் 1ஆம் தேதியை உபவாச நாளாக வர்ஜீனியா சட்டமன்றம் அறிவித்தது. அதற்காக ஆளுநர் டன்மோர் மன்றத்தையே கலைத்தார். ஆனாலும் அந்த நாளில் ஆலயத்தில் ஆராதனை நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன், தாம் ஆலயம் சென்றதையும் நாள் முழுதும் உபவாசம் இருந்ததையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

பின்னர் பிரிட்டனிடமிருந்து கிடைத்த விடுதலை ஆலயத்தின் வருவாயைப் பறித்தது. 1780இல் தலைநகரம் ரிச்மண்டுக்குப் போனது. 1786இன் மதச் சுதந்திரச் சட்டத்தோடு அரசுத் திருச்சபை என்ற நிலை முடிந்தது. 1789இல் எபிஸ்கோபல் திருச்சபை தனி அமைப்பாயிற்று. அடுத்த ஆண்டு, கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மாடிசன் வர்ஜீனியாவின் முதல் பேராயராக லண்டனில் அபிஷேகம் பெற்றார். இவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மாடிசனின் உறவினர். வரிப்பணம் நின்றபின் சபை உறுப்பினர்களின் காணிக்கையை நம்பியே வாழ வேண்டியதாயிற்று. 1839இல் உட்புறம் குறுக்குச் சுவரால் பிரிக்கப்பட்டு உருமாறியது. உள்நாட்டுப் போரில், 1862 மே 5இல் நடந்த வில்லியம்ஸ்பர்க் சண்டைக்குப் பின், காயம்பட்ட வீரர்களுக்கு இதுவே மருத்துவமனை ஆயிற்று.

புதுப்பித்தல்

1903இல் குருவாக வந்த டபிள்யூ. ஏ. ஆர். குட்வின் ஆலயத்தைப் பழைய வடிவுக்கு மீட்கத் தொடங்கினார். ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் 300ஆம் ஆண்டான 1907இல் பணி நிறைவேறியது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் வேதாகமம் ஒன்றையும், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை வைத்து வாசிக்கும் தாங்கியையும் பரிசளித்தனர். குட்வின் இடையில் வேறு ஊருக்குச் சென்று, 1926இல் மீண்டும் இங்கே குருவானார். செல்வந்தர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியரின் துணையோடு ஊர் முழுவதையும் 18ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்குக் கொண்டுவரும் பணியைத் தொடங்கி வைத்தவரும் அவரே. 1939இல் மறைந்த அவரது உடல் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. 1940இல் இரண்டாம் புதுப்பித்தல் முடிந்தது.

அண்மைக் காலம்

1967 நவம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஆராதனைக்கு வந்திருந்தார். வியட்நாம் போர் எதற்காக என்று அவர் முன்னிலையிலேயே குரு பிரசங்க மேடையிலிருந்து கேட்டது நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு காலத்தில் ஆளுநருக்கு விதானம் கட்டிய ஆலயம், ஆட்சியாளரிடம் கேள்வி கேட்கும் இடமாகவும் மாறியிருந்தது.

1970இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஞாயிறுதோறும் ஆராதனை தொடர்கிறது. இங்கே வழிபட்ட தலைவர்களின் பெயர்களை ஊரறியும். ஒற்றைப் பெயரோடு பதிவேட்டில் நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் இந்தச் சேகரத்தின் வரலாறு முழுமையாகும்.